பர்மா தேக்கும் 46 கேஜ் கம்பியும்: எலெக்ட்ரிக் கிடாரின் குரல் எங்கே இருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் ஒருவர் எலெக்ட்ரிக் கிடார் செய்யப்போகிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி மரத்தைப் பற்றித்தான் வரும். "பர்மா தேக்குல செஞ்சா சவுண்டு பிரமாதமா இருக்கும்ல அண்ணே?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்திறங்கிய தேக்குதான் இங்கே தூணாகவும் உத்தரமாகவும் நிலைக்கதவாகவும் நிற்கிறது. பராமரிக்க ஆளில்லாமல் இடிபட்ட வீடுகளின் மரம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் மரக்கடைகளுக்கும் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரம். கையில் எடுத்தாலே ஏதாவது செய்ய வேண்டும்போல இருக்கும்.

நல்ல மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கிடாரின் குரலை அது தீர்மானிக்கும் என்று நினைத்தால் காசையும் கவனத்தையும் தப்பான இடத்தில் போடுகிறோம். எலெக்ட்ரிக் கிடாரின் குரலில் பெரும் பங்கு, தந்திகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பின் செம்புச் சுருளுக்கும், அங்கிருந்து போகும் வயருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கும், ஸ்பீக்கருக்கும்தான். இவற்றுக்கு வேண்டிய கைவேலை மோட்டார் காயில் கட்டும் கடைகளிலும் மைக்செட் பட்டறைகளிலும் நம் ஊரிலேயே இருக்கிறது. தேக்குக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை.

மரத்தை முதலில் முடித்துவிடுவோம். விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிடாரில் மரமே கிடையாது. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து 1932-ல் ரிக்கன்பேக்கர் தரப்பு விற்ற அந்த 'வாணலி' கிடார் வார்ப்பு அலுமினியம். லெஸ் பால் 1940 வாக்கில் செய்து பார்த்தது 4 அங்குலச் சதுரத்தில் ஒரு பைன் கட்டை. பார்ப்பதற்குக் கிடார் மாதிரி தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் பழைய கிடாரின் பாதிகளை ஒட்டிக்கொண்டார். 1950-ல் கெட்டியான மரப்பலகைக் கிடாரைத் தொழிற்சாலைப் பொருளாக்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. தச்சுப் பட்டறையைவிட ரேடியோ கடைக்குத்தான் இந்த வாத்தியம் நெருங்கிய சொந்தம்.

அப்படியென்றால் மரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. தந்தியின் அதிர்வை எவ்வளவு சீக்கிரம் மரம் தின்றுவிடுகிறது என்பதைப் பொறுத்து நாதம் நீள்வதில் சிறு வித்தியாசம் வரும். கழுத்துப் பகுதி தளர்வாக இருந்தால் சில சுரங்கள் சட்டென்று செத்துப்போகும். ஆனால் பிக்கப் கேட்பது தந்தியின் அசைவை மட்டும்தான். வீணையில் குடம்தான் ஒலியைக் காற்றில் தள்ளுகிறது. அங்கே பலா மரம் பேசியே ஆக வேண்டும். இங்கே அந்த வேலை ஸ்பீக்கருக்குப் போய்விட்டது.

தேக்கில் செய்யத்தான் வேண்டும் என்றால் நாலு விஷயம் தெரிந்திருந்தால் போதும். முதலாவது எடை. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலுக்குக் கிட்டத்தட்ட 4,200 கன சென்டிமீட்டர் மரம் நிற்கும். அமெரிக்காவில் இதற்குப் பயன்படும் ஆல்டர் மரத்தில் அது 1.9 கிலோ, தேக்கில் 2.7 கிலோ. கழுத்து, தந்தியைத் தாங்கும் பாலம், சுருதி சேர்க்கும் சாவிகள் எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை கணக்குச் சொல்லிவிடும். உள்ளே குடைந்துவிட்டு மேலே பலகை ஒட்டினால் எடை குறையும், ஒலி ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாவது எண்ணெய்ப் பசை. ஒட்டுவதற்குச் சற்று முன் இழைத்து, அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் பசை போட வேண்டும். மூன்றாவது, தேக்கில் சிலிக்கா உண்டு, உளி முனை சீக்கிரம் மழுங்கும். நாலாவது பழைய வீட்டு மரத்துக்கே உரியது: உள்ளே தலை ஒடிந்த ஆணி இருக்கும். மரம் குடையும் ரவுட்டர் மெஷினை வைக்குமுன் ஒரு நல்ல காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது பிளேடுக்கும் விரலுக்கும் நல்லது.

கழுத்தில் ஆசாரிக்குப் புதிதாக இருக்கப்போவது உள்ளே ஓடும் எஃகுக் கம்பி. ஆறு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க டிரஸ் ராட் வேண்டும். மரம் எவ்வளவு பழையதானாலும் அதற்கு மாற்றில்லை. ஃபிரெட், அதாவது மெட்டு, வைக்கும் கணக்கும் சுலபம்தான். தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம், 648 மி.மீ. என்றால் 36.4 மி.மீ. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுக்க இரண்டாவது. வீணையில் தேன்மெழுகில் பதித்த மெட்டுகளைச் சூடு காட்டி நகர்த்தி மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். கிடாரில் ரம்பம் போட்ட இடம் போட்ட இடம்தான், பாலத்தில் உள்ள திருகுகளால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவே.

ஒரு கிலோமீட்டர் கம்பி

இனி முக்கியமான இடம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு காயில். காந்தம் தன் மேலே உள்ள எஃகுத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்குகிறது. அந்தத் தந்தி ஆடும்போது காயிலின் ஊடே போகும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது; கூடிக் குறைவதால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே கண்ட அதே விதிதான். பலமாக மீட்டினால் சில நூறு மில்லிவோல்ட், மெதுவாக என்றால் அதில் சிறு பங்கு.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று இருக்கும். ஒரு சுற்று சராசரியாக 14 செ.மீ. என்று வைத்தால் மொத்தம் 1,100 மீட்டர். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு நல்ல நடை தூரத்துக்குப் போகிற செம்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாபினில். எடை 30 கிராம்தான். மின்தடை 6 கிலோ ஓம் அருகே வரும். அந்த எண்ணைத்தான் எல்லோரும் பிக்கப்பின் பலம் என்று பேசிக்கொள்கிறார்கள், அது பாதி உண்மைகூட இல்லை.

இங்கே நம் ஊரில் ஒரு குழி இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் "42 கேஜ் கம்பி" என்று போட்டிருக்கும். காயில் கட்டும் கடையில் போய் 42 கேஜ் கேட்டால் தருவார்கள், ஆனால் அது வேறு கம்பி. நம் கடைகள் பேசுவது பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி.; குறிப்பில் இருப்பது அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி. அமெரிக்க 42 என்பது 0.063 மி.மீ.; பிரிட்டிஷ் 42 என்பது 0.102 மி.மீ. இந்தத் தடித்த கம்பியில் அதே பாபினில் 3,000 சுற்றைத் தாண்டினாலே பெரிது. அப்புறம் "பிக்கப் சத்தமே இல்லை, காந்தம் சரியில்லை" என்று காந்தத்தைத் திட்டுவோம். நம் கடையில் கேட்க வேண்டியது 46 கேஜ்; அது 0.061 மி.மீ., வேண்டியதற்கு மிக அருகில். சீலிங் ஃபேன் கட்டுகிற கடையில் இவ்வளவு மெல்லிய கம்பி இருப்பில் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

அந்த மெல்லிசில் கம்பி தலைமுடியைப் போல, மூச்சு பட்டாலே அலையும். ஃபேன் ஸ்டேட்டர் கட்டிப் பழகிய கை முதலில் இதை அறுத்துக்கொண்டே இருக்கும். தையல் மெஷின் மோட்டாரில் பாபினைச் சுழலவிட்டு, இரு விரல் நடுவே சிறு துண்டு ஃபெல்ட் வைத்துக் கம்பியை வழிவிடுகிறார்கள். இறுக்கம் கூடினால் கம்பி நீண்டு மெலிந்து தடை ஏறும், இன்னும் கூடினால் அறுந்துவிடும். தளர்ந்தால் சுற்றுகள் உள்ளே ஆடும், காயிலே மைக் மாதிரி வேலை செய்து ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாலே வீறிடும். இதற்குத்தான் கடைசியில் மெழுகில் முக்குவது: பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, 60 முதல் 65 டிகிரி சூட்டில், குமிழி வருவது நிற்கும்வரை. சூடு அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் பாபின் கோணிக்கொள்ளும். அடுப்பில் நேராக வைக்கவே கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில்தான்.

கூடுதல் சுற்று, கூடுதல் சத்தம். சரி, அப்படியானால் 12,000 சுற்றுப் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் காயிலின் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும், அதோடு குரல் கீழே இறங்கும். காரணம் இதுதான். 8,000 சுற்றுப் பிக்கப்புக்கு 2.5 ஹென்றி தூண்டல் என்று வைத்துக்கொள்வோம். கிடாரிலிருந்து போகும் ஷீல்டு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட் மின்தேக்கம் உண்டு; காயிலுக்கே சுமார் 100. இந்தத் தூண்டலும் மின்தேக்கமும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எழும். அந்த இடத்தில் ஒலி எம்பும், அதற்குமேல் சரிந்துவிடும். 3 மீட்டர் வயரில் அது 5,000 ஹெர்ட்ஸ். 6 மீட்டரில் 3,800. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரை வைத்துவிட்டு 15 மீட்டர் வயர் இழுத்தால் 2,500. மூன்றும் மூன்று கிடார் மாதிரி கேட்கும். மரத்தை மாற்றி இந்த அளவு வித்தியாசத்தை யாரும் காட்டியதில்லை. இங்கே மாறியது வயரின் நீளம் மட்டும்.

வால்யூம் கண்ட்ரோலும் சும்மா இருப்பதில்லை. 250 கிலோ ஓம் போட்டால் அந்த எம்பல் மழுங்கும், 500 போட்டால் கூர்மையாக நிற்கும். தனிக் காயிலுக்கு 250, இரட்டைக் காயிலுக்கு 500 என்ற வழக்கம் இப்படி வந்ததுதான். டோன் கண்ட்ரோலை முழுக்க மூடினால் 0.022 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் உள்ளே வந்து ஒத்ததிர்வை 700 ஹெர்ட்ஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஜாஸ்காரர்கள் விரும்பும் உருண்டைக் குரல் அது.

இரட்டைக் காயிலைச் சொல்லாமல் போகக்கூடாது. தனிக் காயில் ஒரு ஆன்டெனாவும்கூட. பழைய சோக் வைத்த டியூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் என எதன் பக்கத்தில் போனாலும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங் ஏறிக்கொள்ளும். கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955-ல் இதைத் தவிர்க்கும் இரட்டைக் காயிலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957-ல் அது கிடார்களில் ஏறியது. இரண்டு காயிலை எதிரெதிர்த் திசையில் இணைக்கிறோம். வெளியிலிருந்து வரும் ஹம்மிங் இரண்டிலும் ஒரே மாதிரி பிறந்து, எதிரெதிராகச் சேர்ந்து அழிந்துவிடும். தந்தியின் ஒலியும் அழிந்துவிடுமே? அதற்காக இரண்டாவது காயிலின் காந்தத்தையும் தலைகீழாக வைத்தார். தந்தி ஒலி மட்டும் இரண்டு முறை புரட்டப்பட்டுப் பழையபடி நேராகி, கூடிக்கொள்கிறது. ஒரு தாளில் வரைந்து பார்த்தால் இதன் அழகு தெரியும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த ஒற்றை யோசனை இதுதான்.

காந்த விஷயத்தில் அல்னிகோ உருளைகள்தான் பழைய வழக்கம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை. ஃபெரைட் பட்டைக் காந்தமும் எஃகுத் திருகுகளும் வைத்துச் செய்வது மலிவு, குரல் கொஞ்சம் கடினம், ஆனால் வேலை செய்யும். நியோடிமியம் கிடைக்கிறதே என்று பெரிதாகப் போட்டுவிடக் கூடாது. அது தந்தியையே இழுத்துப் பிடிக்கும், சுருதி தள்ளாடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆசை: பழம்பொருள் கடையில் கிடைக்கும் பித்தளை வெற்றிலைச் செல்லத்தின் தகட்டை வெட்டிப் பிக்கப்புக்கு மூடி செய்வது. பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் பித்தளை நன்றாக மின் கடத்தும். காந்தப் பாயம் மாறும்போதெல்லாம் மூடிக்குள் சுழல் மின்னோட்டம் ஓடி மேல் அதிர்வெண்களைத் தின்றுவிடும். கம்பெனிப் பிக்கப்புகளின் மூடி பெரும்பாலும் ஜெர்மன் சில்வரில் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அது பித்தளையைவிடப் பல மடங்கு மோசமாகக் கடத்துகிறது என்பதாலும்தான். பித்தளை வேண்டுமென்றால் சாவிகளுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற காரைக்குடி சகோதரர்களால் பெயர் பெற்ற ஊர் என்பதால், இந்தப் பிக்கப்பை வீணையில் வைத்தால் என்ன என்ற கேள்வியும் வரும். வைக்கலாம், ஒரு சிக்கல் உண்டு. பழைய முறையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு, மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. காந்தப் பிக்கப்புக்குப் பித்தளை கண்ணுக்கே தெரியாது. மேல் தந்தி இரண்டும் முழங்க, கீழ்த் தந்தி இரண்டும் ஊமையாகிவிடும். உள்ளே எஃகு வைத்துச் சுற்றிய தந்திகளை மாட்டினால் ஓரளவு சரியாகும். தந்தியை மாற்ற மனமில்லாதவர்கள் குடத்தில் ஒட்டி அதன் அதிர்வையே மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்புக்குப் போவதுதான் நல்லது.

வால்வு ரேடியோவுக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர்

ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று தொழில் நடத்திய வீடுகளில் வால்வு ரேடியோக்கள் இருந்ததில் வியப்பில்லை. அவற்றில் சில இன்று பழம்பொருள் கடைகளில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன. கிடார்காரனுக்கு அது அலங்காரம் அல்ல. பின்பக்க அட்டையைக் கழற்றினால் ஈஎல்84 என்ற பவர் வால்வு கண்ணில் படலாம். அதே வால்வு நான்கைத்தான் இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 கிடார் ஆம்ப்ளிஃபயரில் போட்டிருந்தார்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் இந்த வால்வுகளைத் தயாரித்தது.

ஆனால் கை வைக்குமுன் வால்வின் மேல் எழுதியிருக்கும் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும். 'ஈ' என்று தொடங்கினால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், பொதுவாக உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யூஎல்84, யூசிஎல்82 என்று 'யூ'வில் தொடங்கினால் அந்த ரேடியோவைக் கிடாருக்குத் தொடவே கூடாது. அவற்றின் இழைகள் எல்லாம் தொடராக இணைந்து நேராக மெயின்ஸிலேயே ஓடுபவை. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சேஸிஸ் என்கிற உலோக அடித்தட்டு 230 வோல்ட்டின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கலாம். மரப்பெட்டிக்குள் மூடியிருந்தவரை ஆபத்தில்லை. கிடார் வயரின் வெளிச்சுற்று சேஸிஸில் சேரும், அங்கிருந்து பாலம் வழியாகத் தந்திக்கு வரும், தந்தியில் நம் விரல் இருக்கும்.

'ஈ' வகை என்றாலும் பல வருடம் தூங்கிய செட்டை உடனே பிளக்கில் சொருகக் கூடாது. உள்ளே உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரில் மின்காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின் மேல் மின்வேதி முறையில் வளர்த்த மெல்லிய ஆக்ஸைடு படலம். பயன்பாடில்லாமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகும், உள்ளே உள்ள திரவமும் காய்ந்துபோகும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இயங்குகிற ஊரில் இதை விளக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. முதலில் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது எலெக்ட்ரீஷியன்களின் பழைய பழக்கம்: உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, செட்டைக் காப்பாற்றும். என் கருத்து, அந்தக் கப்பாசிட்டர்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் புதிதாக மாற்றிவிடுவதே மேல். இன்னொன்று, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவை 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். தடை வழியாக இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் உள்ளே கை.

சுற்று என்று பார்த்தால் ஏமாற்றும் அளவுக்கு எளிது. ஈசிசி83 என்ற வால்வுக்குள் டிரையோடு என்கிற பெருக்கிகள் இரண்டு. ஒவ்வொன்றும் சிக்னலை ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும். ஈஎல்84-ஐ முழு வேகத்தில் ஓட்ட, சிக்னல் நுழையும் அதன் கிரிடுக்கு 4.3 வோல்ட் போதும். 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடவிட்டால் 5 வாட்டைச் சற்றுத் தாண்டிக் கிடைக்கும். வீட்டுக்கு அது தாராளம். பட்டாலைக் கூடம் முழுக்க நிறையும்.

சிக்குகிற இடம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இந்த வால்வுக்கு 5,200 ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ 8 ஓம். சுற்று விகிதம் இந்த இரண்டின் விகிதத்துக்கு வர்க்கமூலம், அதாவது 25.5-க்கு ஒன்று. ஸ்டெபிலைசருக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டுகிற கடைக்காரரிடம் கொடுத்தால் சுற்றுகளை அச்சாகக் கட்டித் தந்துவிடுவார். அப்புறம் இரும்பு ஸ்டாம்பிங்குகளை, வழக்கம்போல, 'ஈ' வடிவமும் 'ஐ' வடிவமும் ஒன்றுவிட்டொன்று திசைமாற்றி நெருக்கமாக அடுக்குவார். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரி. இங்கே அது கெடுதல். வால்வோடு சேரும் இந்தப் பிரைமரிச் சுருளில் 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இடைவெளி இல்லாத இரும்பு அந்த நேர்மின்னோட்டத்திலேயே காந்தத்தால் நிறைந்துவிடும், சிக்னலுக்கு இடமில்லாமல் போகும். விளைவு, கீழ்ச் சுரங்கள் காணாமல் போய், கரகரப்பு மட்டும் மிஞ்சும். 'ஈ' எல்லாம் ஒரு பக்கம், 'ஐ' எல்லாம் மறுபக்கம், நடுவில் மோட்டாருக்குள் வைக்கும் லெதராய்டு பேப்பர் ஒரு மெல்லிய துண்டு. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னால் அடுத்த முறை அவரே கேட்பார், "தம்பி, கேப் விடணுமா வேணாமா?"

ஏன் இந்த வால்வு மோகம்? 5200, 1943 என்ற டிரான்ஸிஸ்டர் ஜோடி வைத்த போர்டு மலிவு, 100 வாட் தரும், சூடும் குறைவு. சுத்தமான ஒலிக்கு அது போதும், மைக்செட்டுக்கு அதுதான் சரி. வித்தியாசம், அளவுக்கு மீறி ஓட்டும்போது. டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எல்லை வரை நேராக வந்து, அங்கே அலையின் தலையைக் கத்தியால் சீவியது போல வெட்டும். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் எல்லைக்கு வெகு முன்பே அலையை ஒரு பக்கமாக வளைக்கத் தொடங்கிவிடும். வளைந்த அலையில் இரட்டிப்பு அதிர்வெண், அதாவது மேல் ஸட்ஜம், கூடுதலாகச் சேரும். வெட்டிய அலையில் ஒற்றைப்படை மடங்குகள்: மூன்றாவது மேல் பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம், இவை காதுக்கு ஒத்துப்போகும், ஏழாவது நம் சுரஸ்தானம் எதிலும் உட்காராது.

ராக் கிடார்காரர்கள் ஏன் ஸா-பா என்ற இரண்டு சுரத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்பதும் இதில்தான் விளங்கும். கரகரப்பில் இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் அவற்றின் வித்தியாச அதிர்வெண்ணும் பிறக்கும். ஸா-பா விகிதம் 2:3. வித்தியாசம் 1, கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாரும் வாசிக்காத கீழ் ஸா தானாக வந்து தாங்குகிறது. ஸா-காவை அதே கரகரப்பில் வாசித்தால் எல்லாச் சுரஸ்தானத்தையும் சம இடைவெளியில் வைத்த கிடாரின் காந்தாரம் கொஞ்சம் உயர்ந்திருப்பதால் எல்லாம் உரசிக்கொள்ளும்.

ஸ்பீக்கரும் இந்தக் கூட்டாளிதான். கிடாருக்கான 12 அங்குலக் காகிதக் கூம்பு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று விழுந்துவிடும். கரகரப்பின் முள்ளை அதுதான் உதிர்க்கிறது. அதே சிக்னலை ட்வீட்டர் வைத்த மைக்செட் பாக்ஸில் விட்டால் வண்டு ரீங்காரம். கரகரப்பு சேர்க்கும் பெடலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் ட்வீட்டரைக் கழற்றிவிட்டுக் கேட்கலாம்.

திருவிழா மேடையில்

கொப்புடைய அம்மன் கோயில் திருவிழாவோ கிராமத்துச் செவ்வாய்ப் பொங்கலோ, இசைக்குழுவின் கிடார் பெரும்பாலும் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில்தான் போய்ச் சேரும். "ஒரு மைக் லைன் இருக்குண்ணே, சொருகிக்குங்க." சொருகியதும் கிடார் போர்வைக்குள் இருந்து பேசும். மைக் இன்புட் 600 ஓம் மைக்குக்காகச் செய்தது. அதன் உள்தடை சில கிலோ ஓம், அதிகம் போனால் 10. நம் பிக்கப்பின் 2.5 ஹென்றியை 10 கிலோ ஓமில் கட்டினால் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் சரியத் தொடங்கிவிடும். கிடாருக்கு 1 மெகா ஓம் வேண்டும். ஒரு டிஎல்072 ஐசி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் தடையும் கப்பாசிட்டரும் வைத்து பிக்கப்புக்கும் மைக் லைனுக்கும் நடுவே நிற்கும் ஒரு பஃபர் பெட்டியை எந்த ரேடியோ கடையிலும் அரை நாளில் கட்டித் தருவார்கள். விலை உயர்ந்த பிக்கப் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இது.

மேடையில் இதைவிட முக்கியமானது எர்த். கிடார் தந்தி அந்த ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸோடு சேர்ந்தது. பாடுகிற மைக் வேறொரு ஆம்ப்ளிஃபயரோடு. ஒன்று ஜெனரேட்டரில், மற்றொன்று கம்பத்து லைனில், அல்லது இரண்டும் மின்லைனின் வெவ்வேறு ஃபேஸில். ஒன்றில் எர்த் இல்லாமல் கசிவு இருந்தால், விரல் தந்தியிலும் உதடு மைக்கிலும் படும் கணத்தில் சுற்று முழுமையாகும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்ஸீ மேடையில் இறந்தது மின்சாரம் பாய்ந்துதான். ஹம்மிங் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த்தை ஒடிப்பது நம் மேடைகளில் சகஜம். ஹம்மிங் போகும், காப்பும் போகும். அதற்குச் சிக்னல் வயரில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதுதான் வழி. இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பெட்டியிலிருந்து, எர்த்தோடு எடுக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எலெக்ட்ரீஷியன் வந்து சரி செய்யும்வரை பாட்டு காத்திருக்கட்டும்.